மந்து என்ற சொல்

எழுபதுகளின் பிற்பகுதியில் மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கு ஒன்றில் சாக்குகளுக்கு மையால் குறி போடும் வேலை எனக்கு. பள்ளுருத்தியில் தனியறை. கிடங்கில் தமிழன் நான் ஒருவன்தான். பேசினால் சிரிப்பார்களே என்று ஆறு மாதம் வாயைத் திறக்காமலே ஓட்டினேன்.

என்னோடு சாயா குடிக்க வந்தவர் தராசில் நிற்கும் சேட்டன் மட்டும்தான். இளவயதில் கோயம்புத்தூர் மில்லில் இருந்தவர், ஓரளவு தமிழ் பேசுவார். மற்றவர்கள் முண்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு திரிவார்கள். அவர் மட்டும் தரையைத் தொடும்படி தழையவிட்டிருப்பார். பந்தாப் பேர்வழி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் சுமைக்காரர் ஒருவர் என்னிடம் வேலை எப்படி என்று கேட்டார். "வேலை மந்தம்" என்றேன். கூட்டமே குலுங்கிச் சிரித்தது. மலையாளத்தில் மந்து என்றால் யானைக்கால் நோயாம். வேலைக்கு யானைக்கால் வந்துவிட்டதாக அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு மாதத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்து நாலு பேர் சிரித்திருக்கிறார்கள்! விடுவேனா? தாமதமாக வந்த பஸ்ஸுக்கு மந்து, வைப்பின் தீவுப் படகுக்கு மந்து, லாரிக்கு மந்து. "தம்பீ, இன்னு ஆர்க்கா மந்து?" என்று, இன்றைக்கு யாருக்கு மந்து என்று அவர்களே கேட்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சேட்டனும் லேசாகச் சிரித்துவைப்பார்.

ஆடி மழையில் கிடங்கு முற்றத்தில் தண்ணீர் ஏறியது. வேறு வழியில்லாமல் சேட்டன் வேட்டியைத் தூக்கினார். இடதுகால் முழங்காலுக்குக் கீழே தூண்போல வீங்கியிருந்தது. மைக்குச்சியோடு நின்ற எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. வேறு யாரும் ஆச்சரியப்படவில்லை. இத்தனை நாள் அவர்கள் யாரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாளே அந்தச் சொல்லை விட்டேன். விட்டதோடு நின்றேனா? அவர் நடக்க வேண்டாமென்று சாயாவை நானே வாங்கிவந்தேன். அவர் வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "பஸ் ம..." என்று தொடங்கி, விழுங்கி, "லேட்" என்பேன். ரொம்பப் பண்பாக நடந்துகொள்வதாக எனக்கு நினைப்பு. இரண்டு வாரத்தில் அவர் சாயாவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பெஞ்சில் இத்தனை பேர் இருந்தும், அவர் இல்லாமல் எனக்கு அழுகை வரும்போலிருந்தது.

தராசருகே போய் நின்றேன். "மன்னிச்சுக்கோங்க சேட்டா. தெரியாம பேசிட்டேன்."

"அது சாரமில்ல, பரவால்ல" என்றார், எடைக்கல்லைத் துடைத்தபடி.

"அப்புறம் ஏன் வர்றதில்ல?"

"நீ அதச் சொன்னப்போ வேதனையாத்தான் இருந்துச்சு, நெசம். ஆனா அப்போ என் முகத்தப் பாத்துச் சொன்ன. இப்போ நீ என் காலோடதான் பேசுற தம்பீ."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் கண் அப்போதும் அவர் முண்டின் கரையில்தான் இருந்தது.