பெண்கள் நேரத்து ஜெபசீலி

மத்திகிரி நீச்சல் குளத்தில் பாசி பிடிக்கிற படி எது, கதவு இறுகிக்கொள்ளும் அறை எது, எல்லாம் ஜெபசீலிக்கு அத்துப்படி. தெரியாதது ஒன்றே ஒன்றுதான். நீச்சல்.

வெள்ளைக்காரன் காலத்தில் குதிரைகளைக் குளிப்பாட்டக் கட்டிய கல்தொட்டி அது என்று ஊரில் சொல்வார்கள். பிறகு நகராட்சி எடுத்துப் படி வைத்து, சுவர் எழுப்பி, எல்லோருக்கும் திறந்துவிட்டது. பக்கத்து ஓசூரில் கம்பெனிகள் பெருகியபோது ஷிஃப்ட் முடித்த ஆண்கள் கும்பல் கும்பலாக வந்து விழுந்தார்கள். பெண்கள் மனுமேல் மனு கொடுத்து, செவ்வாயும் வெள்ளியும் காலையில் இரண்டு மணி நேரம் தங்களுக்கென்று வாங்கினார்கள். அதற்கு ஒரு பெண் காவலாள் தேவைப்பட்டாள்.

அப்போது ஜெபசீலிக்கு முப்பத்தொரு வயது. பெங்களூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ராயக்கோட்டையில் அண்ணன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. நீந்தத் தெரியுமா என்று அதிகாரி கேட்டதும், கிணற்றில் குதித்து வளர்ந்தவள் என்று கூசாமல் சொல்லிவிட்டாள். உண்மையில் கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிறவள்.

இருபத்திரண்டு வருஷம் அந்தப் பொய்யோடு ஒண்டியாகக் குடித்தனம் நடத்தினாள். தண்ணீர் நாலடி ஆழமாகும் இடத்தில் குறுக்கே கயிறு கட்டி, கையில் மூங்கில் கழியும் வாயில் விசிலுமாகக் கரையில் நிற்பாள். கயிற்றைத் தாண்டி ஒருத்தியும் போனதில்லை. தன் அதட்டலுக்கு அவ்வளவு மரியாதை என்று உள்ளூரப் பெருமை. இறங்கிக் காட்டச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் யாரிடமும் ஒட்டவில்லை. குளிக்க வந்தவர்கள் டிஃபன் டப்பாவைத் திறந்து கூப்பிட்டாலும் விரதம் என்று விலகிவிடுவாள். வருஷம் முழுக்க விரதமிருந்த ஒரே கிறிஸ்தவப் பெண் இந்தப் பக்கத்தில் அவளாகத்தான் இருக்கும்.

குளம் மாறிக்கொண்டே போனது. கல்லின்மேல் நீல டைல்ஸ் ஒட்டினார்கள். கிணற்றுத் தண்ணீர் போய்க் குளோரின் வாடை வந்தது. போன மாதம் தனியாரிடம் ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். இனி சுடிதாரோடு இறங்கக் கூடாது. நீச்சலுடையும் தொப்பியும் கட்டாயம். காவலாட்கள் இருபத்தைந்து மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடையாது.

பரீட்சைக்கு ஜெபசீலியிடம் சில நாட்களே இருந்தன. யாரிடமாவது கற்றுக்கொள்ளலாம். ஆனால் கேட்டால் குட்டு உடைந்துவிடும். வாளித் தண்ணீரில் முகத்தை அமுக்கி மூச்சடக்கிப் பார்த்தாள். இருமல்தான் மிச்சம்.

பரீட்சை நாளில் பெண்கள் நேரத்துக்கு வருகிறவர்கள் சிலர் கரையில் நின்றார்கள். புது மேலாளர் இளம்பரிதி விசில் ஊதினான். ஜெபசீலி ஏணியில் இரண்டு படி இறங்கினாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. கம்பியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. தனக்கு நீந்தத் தெரியாது, என்றைக்குமே தெரிந்ததில்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். இளம்பரிதி மரியாதையாகத்தான் பேசினான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான்.

வெளியே மரத்தடியில் அதியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மோட்டார் கம்பெனியில் வேலை, பன்னிரண்டு வருஷமாகக் குளத்துக்கு வருகிறவள். ஜெபசீலிக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. உங்கள் உயிரோடு விளையாடிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள்.

"எங்களுக்குத் தெரியும்க்கா," என்றாள் அதியா. "நான் வந்த மொத நாளே பழைய ஆளுங்க சொல்லிட்டாங்க. செருப்பு மிதந்தாக்கூட கால நனைக்காம கழியாலதான இழுப்பீங்க. எங்கள்ல யாராவது முழுகினா ஒங்களால தூக்க முடியாது, ஒங்க வேலையும் போயிரும், அதனால கயித்தத் தாண்டக் கூடாதுன்னு பேசி வெச்சிருந்தோம். புதுசா வர்றவங்களுக்கும் சொல்லிருவோம்."

ஜெபசீலிக்கு, வேண்டாம் என்று தள்ளிய டிஃபன் டப்பாக்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

"ஒருத்தியாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா," என்றாள். "நாலடித் தண்ணிதான. நானும் ஒங்ககூட எறங்கியிருப்பனே."