லேபிள் தோரணமும் இட்லிக் கொப்பரைக் கேக்கும்

இந்த வருஷத்துத் தினசரிக் காலண்டரை நேற்று மளிகைக் கடையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சுருளைப் பிரித்ததும் கை தானாக அதை மூக்குக்குக் கொண்டுபோனது. மருமகள் பார்த்துவிட்டாள். "எல்லாரும் காலண்டர்ல நாள் பாப்பாக, நீங்க மோந்து பாக்கீகளே அத்தே" என்று சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உங்களிடம் சொல்வதற்கு என்ன, இன்றைக்கும் புது அச்சு வாசனைக்கு முன்னால் எனக்கு மல்லிகைப்பூ இரண்டாம்பட்சம்தான்.

காரணம் என் வீட்டுக்காரர். சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் பேப்பர் வெட்டும் மிஷினில் நின்றவர். அவர் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் மை வாசனை போகாது. நானும் விடாமல் அடித்துத் துவைத்துப் பார்த்தேன். சட்டைதான் கிழிந்தது. பட்டாசு லேபிள் ஓடும் சீசனில், சிவப்பு ஒரு பக்கமும் மஞ்சள் ஒரு பக்கமுமாக விலகி அச்சான தாள்களைக் கழித்துப் போடுவார்கள். வேஸ்ட் ஷீட் என்று பேர். முதலாளியிடம் கேட்டுவிட்டு ஒரு கட்டு கொண்டுவருவார். அலமாரித் தட்டில் விரிப்பது அதுதான், ஊறுகாய் ஜாடிக்கு மூடி அதுதான், எங்கள் வளவுப் பிள்ளைகளின் நோட்டுக்கெல்லாம் அட்டையும் அதுதான். வளவு என்றால் நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், சுற்றிலும் ஏழெட்டு வீடுகள். பிள்ளைகள் நோட்டைக் கொண்டுபோய் அடுக்கும்போது பள்ளிக்கூடத்து சார், "ஏலே, மெள்ள வைங்கலே, மேசை வெடிச்சிரப் போவுது" என்பாராம்.

அந்த நோட்டு அட்டையை நினைத்தால் என் மகள் மாரிச்செல்வி நினைவுக்கு வருகிறாள். அவளை நினைத்தால் அந்தப் பிறந்த நாள். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அவள் மூன்றாம் வகுப்பு. பெரியவன் மல்லாங்கிணற்றில் என் அண்ணன் வீட்டிலிருந்து படித்தான்.

எங்கள் வளவில் அதுவரை யாரும் பிறந்த நாள் கொண்டாடியதில்லை. எல்லோருக்கும் பிறந்த நாள் இருந்ததா என்பதே சந்தேகம். என்னுடையதைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியாராகப் பார்த்து ஒன்று வைத்தார். ஐந்தாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன், அந்தத் தேதிக்கும் அதன்பிறகு வேலையில்லை. மாரி கதை வேறு. அவளுடைய கூட்டாளி ஜெபா, அரசு ஆஸ்பத்திரி நர்ஸம்மாவின் மகள். ஜெபாவின் பிறந்த நாளுக்குப் போய்விட்டு வந்தவள் ஓயாமல் அதே பேச்சு. கேக்காம், அதன்மேல் மெழுகுவர்த்தியாம், அதை வாயால் ஊதி அணைப்பார்களாம், வீடு முழுக்கக் கலர் பேப்பராம். விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று நான் சொல்லி வளர்த்த பிள்ளை. நான் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் மெதுவாக விஷயத்தை உடைத்தாள்.

"எம்மா, என் பெறந்த நாளுக்கும் அதே மாதிரின்னு சொல்லிட்டேன்."

"யார்ட்டட்டி சொன்ன?"

"ஜெபாட்ட. கிளாஸ்ல எல்லார்ட்டயும். டீச்சர்ட்டயும்."

"என்ட்ட?"

"அதான் இப்பச் சொல்றேன்ல."

ஜெபாவோடு நர்ஸம்மாவும் வருகிறாராம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் புது ஆள் வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்கிறவள். அந்த நர்ஸம்மாவிடம் ஊசி போட்டுக்கொண்டபோதுகூட, வலிக்கிறதா என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்துத்தான் தலையாட்டினேன். "அவ வீட்டுல மாதிரி இல்லன்னா நான் அந்த ஸ்கூலுக்குப் போக மாட்டேம்மா" என்றாள் மாரி. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்று என்கிற மாதிரி சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நினைத்ததைச் செய்கிற பிள்ளை அவள்.

கலர் பேப்பர்தானே, அது நம் வீட்டில் இல்லாததா? அவர் வேஸ்ட் ஷீட்டை நாடா நாடாவாக நறுக்கிக் கொடுத்தார். நான் வளையம் வளையமாக ஒட்டிக் கோத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டியவள் நான். பசை கிண்டுவது எனக்கு ரசம் வைப்பது மாதிரி. மைதாப் பசையைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆபீஸில் மயில்துத்தம் கலப்போம். பிள்ளைகள் விரலை நக்கும் என்று அன்று மட்டும் கலக்கவில்லை. பூச்சட்டி, சங்குசக்கரம், சாட்டை என்று லேபிள் படங்கள் எல்லாம் துண்டு துண்டாகத் தோரணத்தில் தொங்கின. மிச்சத் தாளில் கூம்புத் தொப்பிகள் செய்தோம். ஒரு தொப்பியில் "பற்றவைத்தவுடன் விலகி நிற்கவும்" என்ற வரி நெற்றிக்கு நேராக வந்தது. "இது எம் மகளுக்கு" என்று அவர் அதைத் தனியாக எடுத்துவைத்தார்.

கேக்குக்குத்தான் வழி தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி மதினியிடம் சொன்னேன். எனக்கு அவள் மதினி, அவளுக்கு நான் மதினி. பட்டாசுக் கம்பெனியில் திரி செருகும் வேலை அவளுக்கு. வாயும் விரல் மாதிரியே வேகம்.

"இட்லிக் கொப்பரை என்னத்துக்கு மதினி இருக்கு? ரவையக் கரைச்சு ஊத்தி அவிச்சு எடுங்க. அவிஞ்சா கேக்கு. அவியலேன்னா களி. எப்படியும் திங்கத்தானே போறோம்."

ரவை, சீனி, பால், பிசைந்த வாழைப்பழம் எல்லாம் சேர்த்துச் சாப்பாட்டுத் தட்டில் ஊற்றி அவித்தேன். நன்றாகத்தான் வந்தது. நடுவில் மட்டும் குழி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைக் கொஞ்சம் பால் விட்டுத் தளர்த்தி மேலே பூசினேன். குழி மறைந்தது, பார்வைக்கும் கடைக் கேக் மாதிரி ஆயிற்று. சீரக மிட்டாயால் மாரிச்செல்வி என்று எழுத ஆரம்பித்தோம். சுற்றி நின்ற பிள்ளைகள் எடுத்து எடுத்து வாயில் போட்டதில் "மா" வரைக்கும்தான் மிட்டாய் மிஞ்சியது. கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த தடித்த மெழுகுவர்த்தியைப் பாதியாக வெட்டி நடுவில் ஊன்றினோம். இந்த மெழுகுவர்த்தி விஷயத்தை மட்டும் பொன்னுத்தாயி மதினியிடம் நான் சொல்லவில்லை. அது அந்த நேரத்தில் ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. பட்டாசு மருந்தில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் முற்றத்துக் குழாயடியில் கை, கால், முகம் கழுவி, சேலை மாற்றிவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவார்கள். அதுவரை பெற்ற பிள்ளையே கிட்டே போகாது. அன்று சீசன் நேரம். மதினி வருவதற்கு இருட்டிவிடும், கேக் வெட்டும்போது அவள் இருக்க மாட்டாள் என்றுதான் நினைத்தோம். ஜெபாவோடு வந்திருந்த நர்ஸம்மாவுக்கு ராத்திரி டியூட்டி வேறு இருந்தது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே மாரியை உட்காரவைத்துத் தீக்குச்சியைக் கிழித்தேன்.

மதினியோ மாரிக்காகக் கம்பெனியில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பி வந்திருக்கிறாள். குழாயடியில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கால் கழுவக் குனிந்தவள் நிமிர்ந்து எங்கள் வீட்டுக்குள் பார்த்தாள். சின்ன அறை. தலைக்கு மேலே லேபிள், தலையில் லேபிள், நடுவில் தீ.

"தள்ளு, தள்ளு, எல்லாரும் வெளிய வா" என்று ஒரு சத்தம். அடுத்து வாளித் தண்ணீர் முழுவதும் கேக்கின் மேல்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்மூடித் திறப்பதற்குள் மொத்த வளவும் முற்றத்தில் நின்றது. என் கூச்சமெல்லாம் எங்கே போயிற்றோ, மாரியை இழுத்துக்கொண்டு முதலில் வெளியே வந்து நின்றவள் நான்தான். உள்ளே மிஞ்சியது விருந்தாளிகள் இரண்டு பேர் மட்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் சொட்டச் சொட்ட நர்ஸம்மா. பக்கத்தில் ஜெபா, தொப்பி நனைந்து காதுவரை இறங்கிவிட்டது. பால்கோவா வழிந்து பாயில் ஓடிக்கொண்டிருந்தது.

மதினிக்கு அப்போதுதான் புரிந்தது. வாளியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பேப்பருக்கு நடுவுல தீயப் பாத்ததும் எனக்கு…" என்றாள். முந்தின வருஷம் அவள் கம்பெனியில் பக்கத்து அறை எரிந்தது. அதைப்பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

நான் மாரியின் முகத்தைப் பார்த்தேன். உதடு உள்ளே போயிருந்தது. இனி இவள் அந்தப் பள்ளிக்கூடத்துப் படி ஏற மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெபா முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். கேலியாக எல்லாம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "மாரி, நாங்க ஊதித்தான் அணைப்போம். உங்க வீட்டுல தண்ணி ஊத்துவீகளா?"

மாரி ஜெபாவைப் பார்த்தாள். தரையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மதினியைப் பார்த்தாள்.

"ஆமா. எங்க வளவுல தீய வாயால ஊத மாட்டோம். தண்ணிதான். பொன்னுத்தாயி அத்தைதான் ஊத்தும்."

"நானும் ஊத்தட்டா?"

"இன்னைக்கு எனக்குத்தான பெறந்த நாளு. அத்தைக்குப் பெறகு நான், எனக்குப் பெறகு நீ."

உள்ளே நர்ஸம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அப்பன்னா இன்னொருக்கப் பத்த வைங்க, நானும் பாத்துட்டுப் போறேன். இம்புட்டு நனைஞ்சாச்சு, இனி என்ன" என்றார். நான் கதவைத் தேடவில்லை. நேராக அவரிடம் போய், "உள்ள வாங்கம்மா, எஞ்சேலை ஒண்ணு தாரேன், மாத்திக்கோங்க" என்றேன். புது ஆளிடம் நானாகப் போய்ப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் கேலி செய்துகொண்டிருந்தார்.

முற்றத்தின் நடுவில், தோரணத்துக்கு எட்டாத தூரத்தில், ஒரு தட்டில் மணலைக் குவித்து மெழுகுவர்த்தியை ஊன்றினோம். மதினி குளித்துச் சேலை மாற்றிவிட்டு வந்தாள். கையில் ஒரு செம்பு. ஜெபா இங்கிலீஷில் பாட, எங்கள் பிள்ளைகள் தெரிந்த இடத்தில் கத்தின, தெரியாத இடத்தில் இன்னும் கத்தின. மதினி ஊற்றினாள். 'ஸ்ஸ்' என்று அணைந்தது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரும்ப ஏற்றி மாரி, திரும்ப ஏற்றி ஜெபா, பிறகு வரிசை கட்டி மொத்த வளவும். மெழுகுவர்த்தி தீர்ந்த பிறகுதான் நிறுத்தினார்கள். கேக்கின் உள்பக்கம் நனையாமல் இருந்தது. அதைப் பிய்த்துத் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது. சாத்தூர்ச் சேவு வேறு இருந்தது.

மறுநாள் மாரி எல்லோருக்கும் முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். அடுத்த வருஷம் ஜெபா வீட்டுக் கேக் பக்கத்திலும் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்ததாம். அதற்கப்புறம் வளவில் எந்தப் பிள்ளைக்குப் பிறந்த நாள் வந்தாலும் முற்றத்தில் மணல் தட்டு வரும், முதல் செம்பு பொன்னுத்தாயி மதினிக்கு. எவ்வளவு ஆர்டர் இருந்தாலும் அன்று கம்பெனிக்குப் போக மாட்டாள்.

வளவு இப்போது இல்லை. இடித்துவிட்டு லாரி லோடு இறக்கும் குடோன் கட்டிவிட்டார்கள். அச்சாபீஸிலும் கழித்த தாளைக் கட்டுக்கட்டாக எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். மதினி கொரோனாவுக்கு முந்தின வருஷம் திருப்பூரில் மகன் வீட்டில் காலமானாள். மாரி கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன மாதம் அவள் மகளுக்குப் பிறந்த நாள் என்று போயிருந்தேன். கேக் போனில் சொன்னதும் வந்தது, தோரணம் ஒட்ட இரண்டு பேர் வந்தார்கள். பிள்ளை கன்னத்தை உப்பி ஊதினாள். ஒரே ஊதலில் அணைந்துவிட்டது, எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒன்றும் குறையில்லை. அந்த 'ஸ்ஸ்' சத்தம் மட்டும் இல்லை. அது காதில் விழுந்த பிறகுதான் பொன்னுத்தாயி மதினி சிரிப்பாள்.