மல்லாட்டையில் ஒரு வாக்கியம்

அறுபதுகளில் ஒரு காலை, திண்டிவனத்தில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த அந்த அம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். களையெடுத்த மண் நகக்கண்ணில் அப்படியே இருந்தது. விழுப்புரத்தில் இங்கிலீஷ் பரீட்சை எழுதப் போவதாகச் சொன்னார். ஆனால் கையில் புத்தகம் இல்லை. மடியில் மல்லாட்டைதான் இருந்தது; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர்.

அபாயச் சங்கிலியின் கீழிருந்த ‘டு ஸ்டாப் ட்ரெயின், புல் செயின்’ என்பதை வாய்க்குள் படித்தார். பிறகு உடைக்காத மல்லாட்டை ஒன்று, சிவப்புத் தோலோடு ஒரு பருப்பு, தோலுரித்த வெள்ளைப் பருப்பு ஒன்று என்று பெஞ்சில் வரிசையாக வைத்தார்.

“என்னம்மா இது?” என்றேன்.

“வெள்ளை நௌனுங்க. சிவப்பு வெர்பு. ‘டு ஸ்டாப் ட்ரெயின்’ மாதிரி சேந்துக்கினு நிக்கிற வார்த்தைங்க ஃப்ரேஸு, அதான் உடைக்கல. களத்துல மல்லாட்டை உரிச்சிக்கினே படிச்சதுங்க. இந்தப் பேப்பர் தேறிட்டா டீச்சர் ட்ரெய்னிங் சேந்துடுவேன்.”

கண்ணில் பட்ட இங்கிலீஷ் எல்லாம் பெஞ்சில் பருப்பாக விழுந்தது. சரிபார்த்ததும், உடைக்காததையும் உடைத்து வாக்கியத்தை வாயில் போட்டுக்கொண்டார். பெட்டியில் இருந்த நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விழுப்புரம் வந்ததும், மிஞ்சிய ஒரு மல்லாட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

தேறினாரா, தெரியாது. இன்றும் மல்லாட்டையை உடைக்கப் போனால், உள்ளே எந்தச் சொற்கள் சேர்ந்து நிற்கின்றனவோ என்று என் கை ஒரு கணம் தயங்குகிறது.