நண்டுப் பாட்டு யாருடையது

பிள்ளைகளே, நேற்றுப் பின்னேரம் நீங்கள் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு பிடித்த சண்டையை நான் வலை தைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். புதுப் பாட்டு பழைய பாட்டின் கொப்பி என்றாள் மகள். இல்லவே இல்லை என்றான் மகன். கடைசியில் என்னிடம் தீர்ப்புக் கேட்டீர்கள். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவனுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் பாட்டுக் களவு என்று எங்கள் வீட்டு வாசலுக்கே ஒருமுறை வழக்கு வந்தது. அதை இதுவரை உங்களுக்குச் சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைப் போன மாதம் அடக்கம் செய்துவிட்டோம்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். நம் ஊர் கண்டக்குழியில் என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடுதான் இருந்தார். காலையில் படகு, பின்னேரம் கிற்றார். அந்த வருடக் கோயில் திருநாள் முடிந்து கொட்டகையில் பாட்டும் ஆட்டமும் நடந்தபோது, தானே கட்டிய புதுப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். சிலாபத்துக்குப் பெண் பார்க்கப் போகும் நண்டு, நேராக நடக்கத் தெரியாமல் ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிடும். அவ்வளவுதான் கதை. ஊரே ஆடியது. கோயில் மூப்பர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். எல்லாவற்றையும் விட, எதிர்வீட்டு மாமி ஆடினார். ஒரே மகன் கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து அவர் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. பெரிய வெள்ளியன்று, இறந்த பிள்ளையைப் பார்த்து மாதா புலம்பும் பாட்டைக் கோயிலில் முன்னின்று பாடுகிறவர் அவர்தான். அந்த மாமி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நாலு எட்டு வைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கொஞ்ச நாளில் மீன் லொறியில் ஒரு கசட் பாடியது. சிலாபத்து இசைக்குழு ஒன்றின் சிங்களப் பாட்டு. சொல் வேறு, மெட்டு அச்சாக நம் நண்டு. லொறிக்காரர்தான் சிலாபத்தில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு அந்தப் பாட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். மூப்பரும் வந்தார். அவருக்குப் பின்னால் ஊர் வந்தது. எதிர்வீட்டு மாமி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வந்தவர் சண்டைக்காரர் அல்ல. பாதி சிங்களமும் பாதி தமிழுமாக, தன்னுடைய கசட் திருநாளுக்கு முன்பே வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். மாமா கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, இந்த மெட்டு உங்களுக்கு எப்போது வந்தது என்று கேட்டார். பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு நாள் வான் ஓட்டிக்கொண்டு போகும்போது தானாக வந்தது என்றார் அவர். மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கு ஆத்திரமாக இருந்தது. சிரிக்கிற நேரமா இது?

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா அந்த மெட்டை முனகிப் பார்த்தார். மெதுவாக, இன்னும் மெதுவாக. கத்தி அப்படியே நின்றது. கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு வந்தார்.

“தம்பி, இது வந்து நம்மட…”

“அக்கா, நீங்க உள்ளுக்குப் போங்க.”

மாமா அம்மாவோடு அப்படிக் கதைத்து நான் கேட்டதே இல்லை. அவர் வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு மூப்பரிடம் திரும்பினார்.

“ஓம், இவர்ட பாட்டத்தான் எடுத்தன். லொறியில கேட்டது, மனசில நிண்டிட்டுது.”

“அப்ப இனித் திருநாளுக்கு நீ மேடை ஏற வேணாம்,” என்றார் மூப்பர்.

வேலியிலிருந்து மாமியின் குரல் வந்தது. “களவோ என்னவோ, பாட்டு நல்லாத்தான் இருந்திச்சு மகன்.”

அன்றே கிற்றார் அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. கரையில் பெடியன்கள் ‘நண்டுக் கள்ளன்’ என்று கூப்பிடுவார்கள். மாமா பதிலுக்குப் பக்கவாட்டில் நடந்து காட்டுவார். அவர்கள் சிரிப்பார்கள், எனக்கு அழுகை வரும். சில வருடங்களில் அவர் இத்தாலிக்குப் போனார். அங்கேயும் பாடுவதில்லையாம்.

எனக்கு மீசை அரும்பிய வருடம், பெரிய வெள்ளி. கோயிலில் மாமி புலம்பலைப் பாடப் பாட, என் கால் தரையில் தானாகத் தாளம் போட்டது. பயந்துபோய் மற்றக் காலால் அதை மிதித்தேன். அப்போதுதான் விளங்கியது. மாதாவின் புலம்பலை வேகமாக ஓட்டினால் நண்டு வரும். சிலாபத்துக் கோயில்களிலும் அதையேதான் சிங்களத்தில் பாடுகிறார்கள். ஆக, ஒருவர் பாட்டை மற்றவர் எடுக்கவில்லை. கட்டும்போது மாமாவுக்கே அது தெரிந்திருக்காது, வந்தவர் தபசு காலம் என்றபோதுதான் பிடிபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அன்று வாசலில் அதை அவர் சொல்லியிருந்தால் அவர் பெயரும் தப்பியிருக்கும், மேடையும் தப்பியிருக்கும். ஆனால் தன் மகனை நினைத்து அழுகிற பாட்டுக்கே தான் ஆடிவிட்டது வேலியில் நின்ற அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கும்.

அந்த மாமியைத்தான் போன மாதம் அடக்கம் செய்தோம். எல்லாரும் சேமக்காலையை விட்டு வெளியேறிய பிறகு, குடையை மறந்துவிட்டேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் திரும்பிப் போனேன். மூடிய மணல் இன்னும் ஈரமாக இருந்தது. எந்தப் பாட்டைப் பாடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சுற்றிலும் ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நண்டுப் பாட்டை முழுவதும், வேகமாகவே பாடி, பக்கவாட்டில் நாலு எட்டு வைத்தேன்.