போலீசில் புகார் செய்தீர்களா?

கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டிலிருந்து என் காரில்தான் அவரை அகதி நேர்காணலுக்குக் கூட்டிப்போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், அதற்கு முன் பழக்கமில்லை. மொழிபெயர்ப்பாளரை விண்ணப்பித்தவரே கொண்டுவர வேண்டும் என்பது விதி. பள்ளிவாசல் நண்பர் கேட்டாரே என்று மொழிபெயர்க்க நான் லீவு போட்டிருந்தேன்.

இளவயது முகம், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. காத்திருந்த அறையில் சீருடைக் காவலாளி கடந்துபோன ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். காவலாளி சிரித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

உள்ளே அதிகாரி அம்மாள் கேட்டார்: "உங்களை அடித்ததைப் பற்றிப் போலீசில் புகார் செய்தீர்களா?"

"அடிச்சதே பொலிஸ்தானே," என்றார் இவர்.

மொழிபெயர்த்தேன். அதிகாரி அதே கேள்வியை மறுபடி கேட்டார். ஆமாவா, இல்லையா என்று பதில் வேண்டுமாம், வழிகாட்டுதல் அப்படியாம்.

"இல்லை," என்றவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, இஞ்ச பொலிஸ் பிழை விட்டா ஆரிட்டச் சொல்லுறது? அவவிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ."

கேட்டேன். அதிகாரி அடுத்த தாளைப் புரட்டினார்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் ஒரு போலீஸ் கார் பின்னால் வந்தது. அவர் கை சட்டைப் பைக்குப் போனது. நானும் வேகத்தைக் குறைத்தேன். முஸ்லிம் பெயர் என்பதால் எஃப்.பி.ஐ.யின் பெயர்ச் சரிபார்ப்பு முடியாமல் என் கிரீன் கார்டு கிடப்பில் கிடந்த காலம் அது. போலீஸ் கார் முந்திப்போனதும் கேட்டார்:

"அண்ணை, நான் கேட்டதுக்கு அவ என்ன சொன்னவ? நீங்க இன்னும் சொல்லேல்லையே."

"ஒண்ணுமே சொல்லலை தம்பி."

வீடு வரும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் எதையோ ஒளிக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்.