சுரண்டைக் கிணற்றின் உயரம்

அது ஆடி மாதம் என்று அம்மா இன்றும் சாதிக்கிறாள். நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆடியில் யாரும் சம்பந்தம் பேசி வரமாட்டார்கள். சாரல் பிடித்திருந்தது என்பது எனக்கு உறுதியாக நினைவிருக்கிறது. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது அதற்கு முந்தைய தை. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தேன். ஆகவே ஆனி, அதிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டால் தென்காசியில் இருக்கிற எந்த வீடும் வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்த முடியாது. குளிக்க வந்தோம் என்பார்கள். ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, சாப்பிட்டு, துணி காய்ந்ததும் போவார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்களும் இந்தச் சாக்கைத்தான் சொல்லுவார்கள். பிடிக்காமல் போனாலும் இரண்டு பக்கத்துக்கும் தலைக்குனிவு இல்லை. குளிக்கத்தானே வந்தார்கள்.

அன்றைக்குப் பெண் வீட்டாராக வரவிருந்தவர்கள் பக்கத்து ஊர்ச் சுரண்டைக்காரர்கள். மாப்பிள்ளை என் தாய்மாமா.

மாமா பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் இருந்தபோது பிரெஞ்சு படித்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டு வடக்கு அறைக்கு வந்து சேர்ந்தார். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. தெருவில் இறங்கினால் "லீவா? எப்பத் திரும்ப?" என்று கேட்பார்கள் என்பதால் அவர் அதிகம் இறங்குவதில்லை. சென்னையில் ஓர் அலுவலகம் அவருக்கு ஒரு வேலை அனுப்பியிருந்தது. ஆப்பிரிக்கா பக்கம் போகிற பம்புசெட்டுகளுக்கான கையேட்டை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்ற வேண்டும். இது சரியாக அமைந்தால் தொடர்ந்து வேலை வரும்.

அதில் 'ஹெட்' என்கிற ஒரு சொல் அவரை நிறுத்திவைத்துவிட்டது. போல்ட்டின் தலைக்கு அது 'தெத்'. என்ஜின் மேலே மூடியிருக்கிற பாகத்துக்கு 'குலாஸ்'. இவை இரண்டும் சுலபமாகக் கிடைத்துவிட்டன. ஆனால் கடைசிப் பக்கத்துப் பட்டியலில் அதே சொல் மீட்டர் கணக்கில் வந்தது.

"தலைய எதுக்கு மாப்ள மீட்டர்ல அளக்கான்?" என்று அப்பா கேட்டார்.

மாமா சிரிக்கவில்லை. அகராதி அழுத்தம் என்றது, வீழ்ச்சி என்றது, உயரம் என்றது. உயரம் என்றால் எங்கிருந்து எதுவரை? அது தெரியாமல் அவர் எழுதமாட்டார். தெரியாத சொல்லை எழுதினால், எங்கேயோ ஒருவன் தப்பான பம்பை வாங்கிக் கிணற்றில் இறக்கிவிட்டு நிற்பானாம். வாரக்கணக்காக அந்தப் பக்கம் அப்படியே கிடந்தது.

அன்று காலை அம்மா அவரைத் தனியாக அழைத்துச் சொன்னாள்.

"ஏலே, அவுங்க கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா ஒண்ணும் கேக்காத. இது தட்டிப்போச்சின்னா இனிமே ஒனக்காக எவன் வீட்டுப் படியும் என்னால ஏற முடியாது."

மாமா தலையாட்டினார். சலவைச் சட்டை போட்டிருந்தார்.

சுரண்டைக்காரர், அவர் மனைவி, போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற அவர் தம்பி, மூன்று பேர் வேனில் வந்து இறங்கினார்கள். அம்மா காப்பி கொடுத்தாள்.

"தம்பி என்ன வேல பாக்காப்ல?"

"வெளிநாட்டுக்குப் போற பம்புசெட்டுக்குப் புஸ்தகம் எழுதிக் குடுக்காப்ல," என்றார் அப்பா.

"பம்புசெட்டா? நம்ம தோட்டத்துலயே ரெண்டு ஓடுதே!"

மாமாவின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒங்க கிணத்துல தண்ணி எத்தன அடியில நிக்குது?"

"இப்பவா? எட்டிப் பாத்தா மொகம் தெரியும்."

"கோடையில?"

"கோடையில கொஞ்சம் எறங்கும்."

"எவ்வளவு எறங்கும்? வத்திருமோ?"

சுரண்டைக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் மனைவி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா யாரையும் பார்க்கவில்லை. ஒரு காகிதத்தில் கிணற்றை வரைந்துகொண்டிருந்தார்.

"தண்ணி எங்கன போய் விழுது? தொட்டியிலயா, நேரா வயலுக்கா?"

"மேட்டுல தொட்டி கெடக்கு."

"தொட்டி எவ்வளவு ஒசரம்?"

"மாப்பிள்ள சர்வேயர் வேலையும் பாக்காப்லயோ?" என்றார் போலீஸ் தம்பி. மாமா ஒருவர்தான் சிரித்தார்.

"நேரமாச்சின்னா அருவியில கூட்டம் ஏறிரும். குளிச்சிட்டு வந்திருதோம்," என்று சுரண்டைக்காரர் எழுந்தார். அப்பா கூடவருவதாகச் சொன்னதற்கு, எதற்கு வீண் அலைச்சல் என்று தடுத்துவிட்டார்.

"மத்தியானச் சாப்பாடு இங்கதான்," என்றாள் அம்மா.

"அதுக்கென்ன."

வேன் போனதும் கொடியில் கிடந்த எங்கள் துணிகளையெல்லாம் நான் எடுத்துவிட்டேன். மூன்று பேரின் ஈரத் துணிக்கு இடம் வேண்டும் அல்லவா? பின்வாசல் தகரக் கூரைக்கடியில் கொடி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. சாரல் விட்டு விட்டுத் தூறியது.

மத்தியானம் தாண்டியும் இலைகள் நறுக்கியபடியே இருந்தன. அம்மா சொதி வைத்திருந்தாள். அதை மறுபடி சூடாக்கினால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும் என்று அடுப்பிலிருந்து இறக்குவதும் மூடியைத் திறந்து பார்ப்பதுமாக இருந்தாள்.

மாமா வடக்கு அறையிலிருந்து என்னிடம் ஓடிவந்தார்.

"ஏட்டி, சிக்கிட்டு! தண்ணி நிக்க எடத்துல இருந்து அது போய் விழுத எடம் வரைக்கும் உள்ள ஒசரம். அதான் ஹெட்டு. பிரெஞ்சுல 'ஓதேர்'னு போட்டாச் சரி."

நானும் சந்தோஷத்தில் குதித்தேன். வாரக்கணக்காகக் காணாமல் போயிருந்த சொல் கிடைத்துவிட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும்.

சாயங்காலம் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகர் போன் செய்தார். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அம்மா வடக்கு அறை வாசலில் போய் நின்றாள்.

"பொண்ணப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியாம். வந்த ஒடனே கிணத்த அளந்தியாம்லே. சொத்து எவ்வளவு தேறும்னு பாக்கியாம்."

மாமா நாற்காலியிலிருந்து திரும்பினார்.

"நான் ஆழம் கேக்கலியேக்கா," என்றார். "ஒசரந்தான் கேட்டேன்."

அந்தக் கையேடு போய்ச் சேர்ந்தது, வேலையும் தொடர்ந்து வந்தது. இன்றும் மாமா அதே அறையில் இருந்துதான் எழுதுகிறார். அம்மா சொன்னபடியே அதற்குப் பிறகு எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் கோத்துப் பார்த்துத் தெரிந்தவை.

அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். விளக்கேற்றும் நேரத்தில் மாமா தெருமுனை வரை போய்ச் சற்று நின்றுவிட்டுத் தூறலில் நனைந்து திரும்பினார். பின்வாசலுக்கு வந்து, நனைந்த சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொடியைப் பார்த்தார்.

"ஏட்டி, ஏன் இதுல ஒண்ணும் போடாம வச்சிருக்க?"

"அவுங்க துணி காயப்போட, மாமா."

மாமா தலையசைத்தார். சட்டையை அறைக்குள் கொண்டுபோய் நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டார். அவரும் அவர்களுக்காகத்தான் இடம் விட்டு வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.