ஏற்றத்தில் மட்டும் மோட்டர்

கார் ஓட்டும் சோதனையில் நான் மூன்று முறை தோற்றதற்குக் காரணம் வேகம் அல்ல, மரியாதை. நாலு பக்கமும் 'ஸ்டொப்' பலகை உள்ள சந்தியில் முதலில் வந்தவர் முதலில் போகவேண்டும். நான் முதலில் வந்தாலும் அடுத்தவர் போகட்டும் என்று நிற்பேன். அவர் போக இன்னொருவர் வருவார். சரி, அவரும் போகட்டும். மூன்றாம் தடவை, பக்கத்தில் இருந்த சோதனைக்காரர் பேனையை மூடிச் சட்டைப்பையில் போட்டுவிட்டார்.

அதனால்தான் எனக்கு ஒரு ஈ-பைக் வாங்கினோம். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. பார்த்தால் ஸ்கூட்டர் மாதிரித்தான் இருக்கும். ஆனால் சட்டத்துக்காக இரண்டு பக்கமும் பெடல் வைத்திருப்பார்கள். அதை யாரும் மிதிப்பதில்லை. மிதித்தால் முழங்கால்கள் வெளியே விரிந்து, ஓட்டுபவர் நீந்துகிற வாத்து மாதிரித் தெரிவார். ஸ்காபரோ வீட்டிலிருந்து, நான் சாப்பாடு பொதி செய்கிற தொழிற்சாலைக்கு அதில்தான் போய்வந்தேன்.

அந்த வருடம் வைகாசியில் ஊரில் சண்டை முடிந்தது. என் ஒரே தம்பி கடைசிவரை சண்டை நடந்த இடத்துக்குள்ளேயே இருந்தான். உயிரோடு இருக்கிறானா என்று தெரியவில்லை. இங்கே எங்கள் ஆட்கள் வீதியில் நின்று கத்தினார்கள். நானும் போனேன். எனக்குக் கத்த வரவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணின் பதாகையில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோயிலிலும் அப்படித்தான். முன்னால் நிற்பவர்கள் கேட்டு முடியட்டும் என்று பின்சுவரோடு நிற்பேன். அவர்கள் முடிப்பதற்குள் திரை மூடிவிடும்.

என் கணவருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஒருநாள் கோயிலுக்குப் போய்வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"இஞ்சேர், உன்ர தம்பிக்கு நேர்த்தி வைச்சிட்டன். அவன் உயிரோடை தப்பி வந்தால் நீ வீட்டிலை இருந்து நடந்து வருவாய் எண்டு முருகனுக்குச் சொல்லியாச்சு."

"எந்த முருகனுக்கு?"

"மலையிலை இருக்கிறவருக்குத்தான்."

அவர் சொன்னது நகரத்துக்கு வடக்கே, குதிரைப் பண்ணைகளுக்கு நடுவில், மேட்டில் இருந்த ஒரு பழைய வீட்டை வாங்கி எங்கள் ஆட்கள் உண்டாக்கிய கோயில்.

"அது அம்பது கிலோமீற்றர் வருமேயப்பா!"

"முருகனோடை கதைக்கேக்கை கிலோமீற்றர் பாத்தே கதைக்கிறது?"

"நீங்கள் நடக்கிறதாச் சொல்லியிருக்கலாமே."

"அதெப்பிடி? தம்பி உன்ர தம்பியெல்லோ."

ஆனியில் ஒரு விடியற்காலை தொலைபேசி அடித்தது. "அக்கா, நான் இருக்கிறன். முகாமிலை" என்று தம்பியின் குரல் கேட்டது. அவ்வளவுதான், தொடர்பு அறுந்துவிட்டது. நான் நிலத்தில் இருந்து அழுதேன். என் கணவரும் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு என் குதிக்காலைப் பார்த்தார்.

பத்து வருடமாக நின்று வேலைசெய்த குதிக்கால். கடைக்கு நடந்து போய் வந்தாலே இரவு ஐஸ் வைக்கவேண்டும். ஆனால் முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான். தம்பி இன்னும் கம்பிவேலிக்குள் இருந்தான். நான் என் பங்கைச் செய்யாமல் இழுத்தடித்தால் அவனை வெளியே விடமாட்டார்கள் என்று எனக்குள் ஒரு பயம் வந்து குந்திக்கொண்டது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

என் கணவர் ஐயருக்குத் தொலைபேசி எடுத்து, ஈ-பைக்கில் வரலாமா என்று கேட்டார். ஐயர் யோசித்துவிட்டு, "பெடல் இருக்குதோ? காலாலை மிதிச்சு வந்தால் நடந்த மாதிரித்தான். மோட்டர் மட்டும் போடக்கூடாது" என்றார்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். முன்னால் நான், தலைக்கவசத்தோடு. பின்னால் எங்கள் வான் வண்டியில் என் கணவர், பட்டு வேட்டியோடு. அபாய விளக்கு இரண்டையும் சிமிட்டவிட்டு, ஜன்னலால் தலையை நீட்டி, நேர்முக வர்ணனை செய்துகொண்டு வந்தார்.

மார்க்கம் நகரைத் தாண்டும்வரை உண்மையாகவே மிதித்தேன். பிறகு வீடுகள் குறைந்து, சோளக்காடு வந்து, வீதி மேலே ஏறத் தொடங்கியது. அந்தச் சாமான் பற்றரியோடு ஒரு கன்றுக்குட்டி பாரம். முதல் ஏற்றத்தின் பாதியில் நான் முன்னுக்குப் போகிறேனா, பின்னுக்கு வருகிறேனா என்று தெரியவில்லை. வலது கை தானாகக் கைபிடியைத் திருகியது என்று சொல்ல ஆசைதான். நான்தான் திருகினேன். மோட்டர் மெல்ல முனகியது. பைக் பஞ்சாக ஏறியது. கால்களை நிறுத்தாமல் சும்மா சுழற்றிக்கொண்டே இருந்தேன்.

"அப்பிடிப் போடு!" என்று பின்னால் சத்தம். "உன்ர கொப்பரும் உப்பிடித்தான், ஏத்தத்திலையும் சைக்கிளாலை இறங்கமாட்டார்!"

அப்பா ஏமாற்றாதவர். எனக்கு முகம் சுட்டது. அடுத்த ஏற்றத்தில் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அடுத்த ஏற்றம் இதைவிடச் செங்குத்து. அங்கே மேடும் பள்ளமும் முடிவதே இல்லை. ஒன்றில் ஏறி நின்றால் முன்னால் இன்னும் நாலு தெரியும்.

எங்களுக்குப் பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டன. முந்திப் போங்கள் என்று நான் கையைக் காட்டக் காட்ட ஒருவரும் முந்தவில்லை. செத்தவீட்டு ஊர்வலம் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒவ்வொருவராக முன்விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தார்கள். எதிரே காரில் வந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடந்து போனார்.

மத்தியானம் போல, வீதியோரம் மேசை போட்டுச் சோளம் விற்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எங்களை மறித்து, ஐஸ்தண்ணீர் தந்தார். எந்த நோய்க்காக ஓடுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தர்மத்துக்குக் காசு சேர்க்க ஓடுகிற ஆள் என்று நினைத்துவிட்டார். நேர்த்திக்கு எனக்கு ஆங்கிலம் தெரியாது. "என் தம்பிக்கு" என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். வியர்வை நாறுமே என்ற கவலையில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு அவர் பைக்கைப் பார்த்து, "மின்சாரத்தில் கொஞ்சம் போட்டுவிடவா? கொட்டிலில் பிளக் இருக்கிறது" என்றார்.

பற்றரி முள் சிவப்புக்குக் கிட்ட நின்றது. எனக்கு அந்தப் பிளக் உயிர் மாதிரி வேண்டியிருந்தது. ஆனால் பக்கத்தில் என் கணவர் நிற்கிறார்.

"நோ, நோ," என்றார் அவர், எனக்கு முந்தி. "நோ பற்றரி! ஒன்லி லெக்!" என்று பெருமையோடு என் காலைக் காட்டினார்.

பெண்மணி என் காலை மரியாதையோடு பார்த்தார். வேண்டாம் என்று நானும் தலையாட்டினேன்.

கடைசி ஏற்றம்தான் எல்லாவற்றிலும் பெரியது. உச்சியில் கோயில் கொடி தெரிந்தது. பாதி ஏறியபோது முனகல் நின்றது. பைக்கும் நின்றது. நான் குதித்து இறங்கி, பிறேக்கை இறுக்கிப் பிடித்தேன்.

என் கணவர் வானை ஓரங்கட்டிவிட்டு வந்தார். "என்னப்பா? இவ்வளவு ஏத்தமும் குதிரை மாதிரி ஏறினனி, இதிலை நிண்டிட்டாய்?"

"பற்றரி முடிஞ்சுது."

"பாவிக்காத பற்றரி எப்பிடியப்பா முடியும்?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் பைக்கைப் பார்த்தார், என் வலது கையைப் பார்த்தார், கடைசியாகக் கொடியைப் பார்த்தார். அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

"எத்தினை ஏத்தம்?"

"எல்லாம்."

"ஐயோ! முருகனோடையே விளையாடுறாய்? அங்கை அந்தப் பெடியன் கம்பிக்குள்ளை கிடக்கிறான்..."

"எனக்கு அது தெரியாதே?" என்று கத்தினேன். இருபது வருடக் குடும்பத்தில் அவர் கேட்காத சத்தம். வேலிக்கு அப்பால் இரண்டு குதிரைகள் தலையை நிமிர்த்தின. "நீங்கள் வாயாலை நேர்த்தி வைச்சனீங்கள், நான் காலாலை செய்யிறன்! பின்னாலை ஏசி போட்டுக்கொண்டு வந்தது ஆர்? பிடியுங்கோ! தள்ளுங்கோ!"

"நான் தொட்டால் நேர்த்தி..."

"தள்ளுங்கோ எண்டுறன்!"

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். நான் கைபிடியைப் பிடிக்க, அவர் பின்னால் தோளைக் கொடுத்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்றோம். கோயில் வாசலுக்கு வந்தபோது பட்டு வேட்டியில் சங்கிலி எண்ணெய் வரிவரியாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் என் குதிக்காலில் ஆணி ஏறியது.

பின்னேரப் பூசைக்கு ஐந்தாறு பேர் முன்னால் நின்றார்கள். நான் வழமைபோலப் பின்சுவரைப் பார்த்தேன். பிறகு அவர்களை விலக்கிக்கொண்டு நேரே முன்னுக்குப் போனேன்.

"ஏத்தத்திலை எல்லாம் மோட்டர் போட்டனான். கடைசி ஏத்தத்திலை பாதி மட்டும் நடந்தனான். அதிலையும் இவர் தள்ளினவர். பிழை என்ரதான். தம்பியிலை சாட்டாதையும்" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

ஐயர் கேட்காத மாதிரித் திரியைத் தூண்டினார். பிறகு எனக்குத்தான் முதலில் திருநீறு தந்தார்.

திரும்பும்போது பைக்கை வானில் ஏற்றினோம். மோட்டர் பேச்சை என் கணவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. புரட்டாதியில் வேறு ஆட்களின் சொந்தக்காரர்களை முகாமிலிருந்து விட்டார்கள் என்று செய்தி வந்தது. தம்பியை விடவில்லை. ஐப்பசியும் போனது. தொழிற்சாலைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஏற்றம் உண்டு. நான் அதில் இறங்கி பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

கார்த்திகையில் தம்பி வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்தான். வெளியே விட்டுவிட்டார்கள். அரை மணித்தியாலம் கதைத்தோம். நேர்த்தியையும் சோளக்காரப் பெண்மணியையும் அத்தானின் வேட்டியையும் பற்றிச் சொன்னேன். மோட்டர் போட்டதையும் மறைக்காமல் சொன்னேன்.

மறுமுனையில் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றான். "எனக்குப் பக்கத்துக் கூடாரத்து ஆக்களை எல்லாம் புரட்டாதியிலையே விட்டிட்டாங்கள். எனக்கு மட்டும் ஏன் ரெண்டு மாதம் பிந்தினது எண்டு இப்பதான் விளங்குது."

அதன் பிறகு அவன் சிரித்தான். சின்ன வயதில் சிரித்த மாதிரி, மூச்சு முட்ட, நிறுத்த முடியாமல் சிரித்தான். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்கட்டும் என்று நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, என் கணவர் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.